மூச்சு வாங்கும் தூரம்

சிறுவாச்சூர்
16.6.2024

கலை,

நீ பல தடவை ஃபோன் செய்தாய். நான் எடுக்கவில்லை. பாதி கோபம், பாதி தொண்டை. அந்த லாரி கவிழ்ந்த நாளிலிருந்து இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினால் இருமல் பிடித்துக்கொள்கிறது. நான் இருமினால் நீ அழுவாய். நீ அழுதால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைத் தேற்ற வேண்டியிருக்கும். வாட்சப்பில் தட்ட எனக்குப் பொறுமை இல்லை. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுதியே பதில் சொல்.

கவியாவை உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பில் சேர்த்துவிட்டாயாமே. அது எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? இங்கே அவளுடைய டீச்சர் கடைக்கு இட்லி வாங்க வந்தவர் சொன்னார். “டி.சி. வாங்க உங்க தங்கச்சி வீட்டுக்காரர் வந்திருந்தாருங்களே, உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டார். நான் தெரியும் என்று தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

திருச்சி ஆஸ்பத்திரியில் எனக்கு ஆக்ஸிஜன் வைத்திருந்தபோது, “புள்ள கொஞ்ச நாளு எங்கிட்ட இருக்கட்டும்க்கா” என்று கேட்டாய். முகத்தில் குழாய். தலையைத்தான் ஆட்ட முடிந்தது. கொஞ்ச நாள் கோடை விடுமுறை ஆயிற்று. இப்போது பள்ளிக்கூடம். அவள் அப்பா சாமிதுரை போய்விட்டார், சரி. நான் இருக்கிறேன். பெற்றவள் உயிரோடு இருக்கும்போது பிள்ளையை எங்கே படிக்க வைப்பது என்று கேட்க வேண்டாமா?

எனக்கு இப்போது தேவலை. கடையைத் திறந்துவிட்டேன். திங்களும் வெள்ளியும் கோயில் கூட்டத்துக்கு வழக்கம்போல வியாபாரம் நடக்கிறது. மாமனாருக்குத்தான் ஆக்ஸிஜன் மெஷின் இல்லாமல் முடியவில்லை. அவரை விட்டுவிட்டு என்னால் தா.பழூர் வர முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ கவியாவைக் கொண்டுவந்து விடு.

சுமதி


தா.பழூர்
23.6.2024

அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அவரும் படித்தார். “கேக்காம போனது தப்புதான், எழுதிரு” என்றார். கேட்காமல் செய்தது தப்புதான். ஆனால் கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய், அதற்காகத்தான் கேட்கவில்லை என்று உண்மையையும் எழுதிவிடுகிறேன்.

மே மாதம் அவளை உன்னிடம் அழைத்து வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? காலையில் நன்றாக வந்தாள். மத்தியானத்துக்குள் விலா எலும்பு உள்ளே போய் உள்ளே போய் வந்தது. கடைக்கு எதிரே ரோடு. சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று போனால் இட்லித் துணி வெள்ளையாகிறது. அதுகூடப் பரவாயில்லை. நீ விறகடுப்பு எரிக்கிறாய் அக்கா. திருச்சி டாக்டர் என்ன சொன்னார்? புகை, தூசி, ஊதுபத்தி, கொசுவத்தி எதுவும் ஆகாது என்று சொல்லவில்லையா? உனக்கும் சேர்த்துத்தானே சொன்னார்? அழகான கேஸ் அடுப்பைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறாய்.

ஏன் மூடினாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஏப்ரல் மாதம் இங்கே சிலிண்டர் போடும் ஆள் வந்தார். வாசலில் நின்று “கேஸு” என்று ஒரு சத்தம் கொடுத்தார், அவ்வளவுதான். கவியா சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையைக்கூடக் கழுவாமல் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டாள். என் வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடி, வாய்க்கால் மதகுமேல் ஏறி நின்றவளைத் தூக்கி வந்தார். அது சமையல் கேஸ், லாரியில் வந்தது வேறே என்று எவ்வளவோ சொன்னோம். சரி சரி என்கிறாள். அதன்பிறகு சிலிண்டர் வருகிற நாளில் அவளை முன்கூட்டியே கடைத்தெருவுக்கு அழைத்துப் போய்விடுகிறார்.

இங்கே அவள் தூங்குகிறாள். இன்ஹேலரை அந்தப் பெரிய டப்பாவில் மாட்டி அவளே போட்டுக்கொள்கிறாள். போட்டதும் வாய் கொப்பளிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நான் அவளைக் கொண்டுவரவில்லை. நீ என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு.

கலையரசி


சிறுவாச்சூர்
5.7.2024

கலை,

உனக்குப் பிள்ளை இல்லை என்றால் அதற்கு என் பிள்ளை பொறுப்பில்லை.

எழுதிவிட்டேன். அடிக்கப் போவதில்லை.

அன்றைக்கு என்ன நடந்தது என்று நீ ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. கேட்டால் நான் உடைந்துவிடுவேன் என்று பயந்திருப்பாய். இப்போது நானே சொல்கிறேன். தெரிந்துகொண்டு பிறகு பேசு.

மாசி மாதம், செவ்வாய்க்கிழமை. கோயில் கூட்டம் இல்லாத நாள். கவியா பள்ளிக்கூடம் விட்டு வந்து கடை பெஞ்சில் எழுதிக்கொண்டிருந்தாள். பாலத்துப் பக்கம் பெரிய சத்தம். கேஸ் லாரி சாய்ந்துவிட்டது என்று ஆட்கள் ஓடினார்கள். சாமிதுரையும் போனார். கொஞ்ச நேரத்தில் வாடை வந்தது. குடிதண்ணீர் டேங்கில் போடுவார்களே, அந்தப் பவுடர் வாடை. ஆனால் அதை அள்ளி மூக்குக்குள் கொட்டினால் எப்படி இருக்கும், அப்படி. பிறகு கண்ணுக்கே தெரிந்தது. பச்சையும் மஞ்சளுமாகத் தரையோடு தரையாக வந்தது. புகை மேலே போகும். இது போகவில்லை. தண்ணீர் மாதிரிப் பள்ளம் பார்த்து இறங்கியது.

“ஏரிக்கு ஓடுங்க, வெட்டவெளிக்கு ஓடுங்க” என்று யாரோ கத்தினார்கள். கத்தியவர் நல்லதாக நினைத்துத்தான் கத்தினார். நாங்கள் எல்லோரும் காய்ந்த ஏரிக்குள் இறங்கினோம். அந்த வட்டாரத்திலேயே அதுதான் பள்ளம். அதுவும் எங்கள் பின்னாலேயே இறங்கியது. கவியா முகத்தை முந்தானையில் சுற்றி அவள்மேல் கவிழ்ந்து உட்கார்ந்தேன். குனிந்தால் தப்பிக்கலாம் என்று நினைத்தேன். மூச்சை இழுத்தால் கண்ணாடித் தூள் உள்ளே போவது போல இருந்தது. இழுக்காமலும் இருக்க முடியவில்லை.

எங்கிருந்தோ அவர் ஓடி வந்தார். “குனியாத, ஏறு! கரைக்கு ஏறு சுமதி!” என்று பிடரியைப் பிடித்துத் தள்ளினார். பிள்ளையையும் என்னையும் கரைமேல் ஏற்றிவிட்டார். அங்கே காற்று இருந்தது. அங்கிருந்து பார்த்தால், அவர் அப்பா ஏரி நடுவில் ஆட்டுக்குட்டிகளோடு நிற்கிறார். கையைத் தூக்கி ஆட்டுகிறார். இவர் என்னைப் பார்த்தார். “தோ வந்துர்றேன்” என்றார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன் கலை. பிடித்த கையைக் கவியா பிடித்து இழுத்தாள், அவளுக்கு மூச்சு வரவில்லை. நான் அவள் பக்கம் திரும்பினேன். அவர் இறங்கிவிட்டார்.

அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்கப்புறமும் ஆம்புலன்ஸில் ஆட்களை ஏற்றினார். சோடா குடித்தார். “கண்ணுதான் எரியுது, வேற ஒண்ணுமில்ல” என்றார். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் கவியா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவளைச் சிரிக்க வைத்தார். பொழுது சாய்ந்த பிறகுதான் நெஞ்சு பாரமாக இருக்கிறது என்றார். அந்த வாயு அப்படித்தானாம், மணிக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு வேலையைக் காட்டுமாம். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். காய்ந்த ஏரியில் இறங்கிய மனிதர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் முங்கிப்போனார்.

அந்தக் கிழவருக்காகப் போனார். வீடு திரும்பவில்லை. இப்போது அந்தக் கிழவர் என் வீட்டில் மெஷினோடு படுத்திருக்கிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிகிறது. ஆனால் அவரை விட்டுவிட்டு வந்தால் சாமிதுரை இறங்கினதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். மகள் உன்னிடம், நான் இவரிடம். இதுதான் என் நிலைமை.

சுமதி


தா.பழூர்
21.7.2024

அக்கா,

உன் முதல் வரியை ஊரில் பல பேர் பல விதமாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நீ சொன்னதில்லை. இப்போது நீயும் சொல்லிவிட்டாய். சரி.

மீதியைப் படித்துவிட்டு எனக்கு எழுத வரவில்லை. மாமா என் கல்யாணத்துக்குப் பந்தல்கால் நட்டவர். நான் அவருக்காகச் சரியாக அழக்கூட இல்லை, உன்னையும் பிள்ளையையும் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. இன்றைக்கு அழுதேன்.

கவியா நலம். எடை கூடியிருக்கிறது. வேறொன்றும் இல்லை.

கலையரசி


தா.பழூர்
29.9.2024

அக்கா,

நீ பதில் போடவில்லை. மாதம் இரண்டாகிவிட்டது. நானும் வீம்பாக இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் குடிதண்ணீர்த் தொட்டியைக் கழுவியிருக்கிறார்கள். பஞ்சாயத்து ஆள் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக் கொட்டியிருக்கிறார். காற்று வகுப்புப் பக்கம் வீசியிருக்கிறது. வாடை வந்ததும் கவியா எழுந்து நின்றாளாம். டீச்சர் என்ன என்று கேட்பதற்குள், பக்கத்தில் இருந்த பிள்ளைகளின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். “கீழ நிக்காதீங்க, ஏறுங்க, மேல ஏறுங்க” என்று கத்திக்கொண்டே மாடிப்படியில் ஏறிவிட்டாள். நாலாம் வகுப்பு முழுதும் அவள் பின்னாலேயே மொட்டைமாடிக்குப் போய்விட்டதாம். அங்கே போய்ப் பிள்ளைகளை எண்ணிப் பார்த்து, ஒரு குட்டிப்பெண் வரவில்லை என்று மறுபடி கீழே இறங்கப் போயிருக்கிறாள். டீச்சர் படியிலேயே மறித்துப் பிடித்துக்கொண்டார்.

ஹெச்.எம். என்னை வரச்சொன்னார். திட்டப்போகிறார் என்று போனேன். அவர் திட்டவில்லை. “இந்தப் புள்ளைக்கு இதெல்லாம் யாரும்மா சொல்லிக் குடுத்தது?” என்று கேட்டார். நான் “அவங்க அப்பா” என்றேன். இனிமேல் ஞாயிற்றுக்கிழமைதான் தொட்டி கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன், “அந்தப் புள்ளைய கூப்புட எதுக்குடி கீழ எறங்கப் போன?” என்று. “வேற யாரு போவா சித்தி?” என்கிறாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. நீ ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ. அவள் இப்போதெல்லாம் அம்மா எப்போது வரும் என்று கேட்பதில்லை. கேட்டுக்கொண்டிருந்தபோதுகூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இல்லை.

கலையரசி


சிறுவாச்சூர்
20.10.2024

கலை,

முன்னே எழுதின அந்த முதல் வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. மறுபடி அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

மொட்டைமாடி விஷயத்தை மாமனாருக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். “சாமிதொர புள்ள” என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன வாரம் திருச்சிக்குப் போய் வந்தேன். பக்கத்துக் கடை சத்யா மாமனாரைப் பார்த்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நடக்க எத்தனை இடத்தில் உட்கார்ந்தேன் என்று கேட்காதே. ஒரு குழாயைக் கொடுத்து முழு மூச்சையும் ஊதச் சொன்னார்கள். “இன்னும், இன்னும், விடாதீங்க” என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். என்னிடம் இன்னும் இல்லை. ஊதி முடித்ததும் தலை சுற்றி நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் சின்ன வயதுப் பையன்தான். பொறுமையாகச் சொன்னார். அந்த வாயு உள்ளே இருக்கிற ஈரத்தில் பட்டதும் அமிலமாகிவிடுமாம். உள்தோல் வெந்துபோய், ஆறும்போது தழும்பாகிவிட்டதாம். “மருந்து போட்டா இதுக்குமேல மோசமாகாம பாத்துக்கலாம். பழையபடி ஆகும்னு நான் பொய் சொல்ல விரும்பலைம்மா” என்றார். விறகடுப்பைக் கேட்டதும் கோபப்பட்டார். அப்புறம் கவியாவின் பழைய ரிசல்ட்டைக் காட்டினேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. நான் பயந்துபோனேன். ஆனால் அவர் சொன்னது வேறு.

“பாப்பாவோட நுரையீரல் இன்னும் வளருதும்மா. இருபது வயசு வரைக்கும் வளரும். நல்ல காத்துல இருந்தா நிறைய திரும்பக் கிடைக்கும். உங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவளுக்கு இருக்கு. அதைக் கெடுத்துராதீங்க.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை என்பதுதான் தெரிந்தது. முழு ஆண்டுத் தேர்வு வரைக்கும் அவள் உன்னிடமே இருக்கட்டும்.

நீ கேட்டால் இதை ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். அந்தப் பையன் சொன்னதால் ஒத்துக்கொள்கிறேன். சந்தோஷமாக இல்லை. அசதியாக இருக்கிறது.

கேஸ் அடுப்பிலிருந்து சாக்கை எடுத்தேன். சத்யாவைப் பற்றவைக்கச் சொன்னேன். நான் ரோட்டோரம் போய் நின்றுகொண்டேன். நாளைக்கு நானே பற்றவைக்க வேண்டும்.

சுமதி


சிறுவாச்சூர்
2.2.2025

கலை,

அரியலூர் ஆஸ்பத்திரியில் ஆட்கள் முன்னால் உன்னைக் கை நீட்டிப் பேசினேன். அதற்கு நான் வருத்தப்படவில்லை. பிள்ளை புகைபோல மருந்து வரும் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது பொங்கலுக்குப் பிறகு மூன்றாவது முறை என்று நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. முதல் முறையை நீ எழுதவில்லை. இரண்டாம் முறையையும் எழுதவில்லை.

நல்ல காற்று என்று நம்பித்தான் விட்டேன். உன் வீட்டு வாசலில் நெல் அறுக்கிற மெஷின் நின்று தூசி கக்குகிறது. வயலில் அறுத்த நெல்தாள் எரிகிறது. என் விறகடுப்புக்கு எவ்வளவு பேசினாய்!

பிள்ளையைக் கையோடு அழைத்து வந்திருப்பேன். அவள்தான், “சித்தி பாவம்மா, அது தூங்கவே இல்ல” என்றாள். அதனால் பேசாமல் பஸ் ஏறினேன்.

சுமதி


தா.பழூர்
9.2.2025

அக்கா,

நீ திட்டினது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. யாராவது திட்ட வேண்டும் என்று இருந்தேன்.

முதல் முறை மூச்சு வாங்கியபோது சளி என்று நினைத்தேன். இரண்டாம் முறை நெல் சுணைத் தூசி என்று புரிந்துவிட்டது. எழுதினால் நீ வந்து அழைத்துக்கொண்டு போய்விடுவாய், மறுபடி அந்த ரோட்டோரத்துக்கு. அதனால் எழுதவில்லை. அறுவடை இன்னும் கொஞ்ச நாள்தானே, ஜன்னலில் ஈரத்துணி கட்டிச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை.

அன்றைக்கு மேலண்டை வயலில் தாளுக்குத் தீ வைத்தார்கள். எங்கள் வயல்தான். நான் காலையிலேயே அவரிடம் வேண்டாம் என்றேன். அவரும் வேண்டாம் என்றுதான் சொன்னார். மாமியார் பெரியம்மாள் கேட்கவில்லை. “ஒரு புள்ளைக்காவ ஊரு வெள்ளாமையே நிக்குமா?” என்றார். கேள்வி தப்பில்லை. ஊர் எல்லாம் அப்படித்தான் செய்கிறது. புகை வாசலுக்கு வந்தபோது கவியா கூப்பிடவே இல்லை, மாடிப்படியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஆனால் புகைக்கு மேடு ஏது பள்ளம் ஏது? அது மேலேதான் வந்தது. நான் போய்ப் பார்த்தபோது உதடு நிறம் மாறியிருந்தது. “ஏறித்தான சித்தி நிக்கிறேன்” என்றாள். அவ்வளவுதான் அவளால் பேச முடிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் அந்த வீட்டுக்குள் போகவில்லை. ஜெயங்கொண்டத்தில் கலைமணி என்று என்னோடு படித்தவள் இருக்கிறாள். அவள் வீட்டு மாடி அறையில் நானும் கவியாவும் இருக்கிறோம். அவர் தினமும் பள்ளிக்கூடத்துக்கு வண்டியில் அழைத்துப் போய் விடுகிறார். மாமியார் என்னோடு பேசுவதில்லை. அது போகட்டும்.

ஆனால் இது எத்தனை நாளைக்கு? உன்னிடம் ரோடு, என்னிடம் வயல். நான் ஒன்று நினைக்கிறேன். திருமழபாடியில் அம்மா வீடு பூட்டித்தானே கிடக்கிறது. மெயின் ரோடு இல்லை, சூளை இல்லை. ஆற்றங்கரைத் தெருவில் தாள் எரிக்க வயலும் இல்லை. உன் மாமனாரையும் அழைத்து வந்துவிடு. கரண்டு இருந்தால் அந்த மெஷின் எங்கே ஓடினால் என்ன? நான் அவரைக் குளிப்பாட்டுகிறேன், சோறு ஊட்டுகிறேன். நீ கவியாவோடு இரு.

நீயே வைத்துக்கொள் என்று சொல்கிறேன் அக்கா. இதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது.

கலையரசி


சிறுவாச்சூர்
26.2.2025

கலை,

மாமனார் போய்விட்டார். காரியத்துக்கு நீ வந்தபோது கூட்டத்தில் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். “எல்லாரும் திருமழபாடிக்குப் போவலாமா?” என்று கேட்டேன். “நீ போ ஆயி. நா இங்கயே இருக்கேன்” என்றார். “ஒங்கள யாரு பாப்பா?” என்றேன். அப்போதுதான் அதைச் சொன்னார். ஒரு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்திருக்கிறார். அந்த நெஞ்சில் மூச்சுக்கே இடம் இல்லை, இதையும் வைத்திருந்திருக்கிறார்.

“நா அவன கூப்புடல ஆயி. வராத, போன்னுதான் கைய ஆட்டுனேன். அவனுக்கு வான்னு தெரிஞ்சிருக்கு.”

கலை, நானும் கரையிலிருந்து அந்தக் கையைப் பார்த்தேன். எனக்கும் வா என்றுதான் தெரிந்தது. ஒரு வருஷம் அந்தக் கையை மனதுக்குள் வைது தீர்த்திருக்கிறேன். அவருக்குத் தண்ணீர் கொடுக்கும்போதெல்லாம் வைதிருக்கிறேன். அவர் மகனை அனுப்பிவிடத்தான் கையைத் தூக்கியிருக்கிறார்.

“இத ஏன் மொதல்லயே சொல்லல?” என்று கேட்டேன். “சொன்னா நீ நம்பணும்ல” என்றார். நம்புகிறேன் என்றேன். அவர் கையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் இரைத்துக்கொண்டிருந்தது.

அதற்கு மூன்றாம் நாள், மத்தியானம். கஞ்சி கொண்டுபோனேன். கவியா சாப்பிட்டாளா என்று கேட்டார். சாப்பிட்டிருப்பாள் என்றேன். டம்ளரைக் கழுவிவிட்டு வந்து பார்த்தேன். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. சத்யா வந்துதான் நிறுத்தினாள். அந்தச் சத்தம் இல்லாத வீட்டில் இப்போது என்னால் தூங்க முடியவில்லை.

நான் திருமழபாடிக்கு வருகிறேன். கடையைச் சத்யா பார்த்துக்கொள்வாள். கேஸ் அடுப்பையும் அவளிடமே விட்டுவிடுகிறேன், எனக்கு அதைத் திருகப் பழக்கமாகிவிட்டது, அங்கே வேறு வாங்கிக்கொள்ளலாம்.

சுமதி


ஜெயங்கொண்டம்
8.3.2025

அக்கா,

வீட்டைச் சுத்தம் செய்துவிட்டேன். துடைப்பமே எடுக்கவில்லை. கவியாவைக் கலைமணியிடம் விட்டுவிட்டு, நானும் அவருமாகப் போய் ஒட்டடைமேல் தண்ணீர் தெளித்துத் தெளித்து ஈரத்துணியால்தான் துடைத்தோம். சுவருக்கு வெள்ளை அடிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன், வாடை போக நாளாகும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்.

கவியாவின் மருந்து எல்லாம் ஒரு பையில் இருக்கும். அவள் இருட்டில் கதவு திறந்திருந்தால்தான் தூங்குவாள். இன்ஹேலர் மருந்தால் நாக்கில் வெள்ளை படிகிறதா என்று அவ்வப்போது பார். தலை வாரும்போது வலது பக்க வகிடு அவளுக்குப் பிடிக்காது. இதெல்லாம் உனக்குத் தெரியாததா? ஆனால் ஒரு வருஷத்தில் கொஞ்சம் மாறியிருக்கிறாள், அதற்காக எழுதினேன்.

தேர்வு நாட்களில் மட்டும் அவரே காலையில் வந்து பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகிறேன் என்கிறார். தூரம்தான். கேட்க மாட்டேன் என்கிறார். நான் தா.பழூர் வீட்டுக்குத் திரும்பிப் போகிறேன். மாமியார் நேற்று ஃபோன் செய்து, “புள்ள இருமுதா?” என்று கேட்டார். இல்லை என்றேன். வைத்துவிட்டார்.

கலையரசி


திருமழபாடி
25.3.2025

கலை,

வந்து இரண்டு வாரம் ஆகிறது. நீ ஃபோனில் கேட்டபோதெல்லாம் நன்றாக இருக்கிறோம் என்று மட்டும் சொன்னேன். கவியா பக்கத்தில் இருந்தாள், அதனால்தான்.

முதல் நாலைந்து நாள் அவள் என்னிடம் விருந்தாளி மாதிரி நடந்துகொண்டாள். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கிறாள். தண்ணீர் வேண்டும் என்றால்கூடக் கேட்டுவிட்டுக் குடிக்கிறாள். தூக்கத்தில் “சித்தி” என்றாள். நான் பதில் சொல்லாமல் தட்டிக்கொடுத்தேன். உன்மேல் பொறாமையாக இருந்தது, நன்றியாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள எனக்கு இடம் பற்றவில்லை.

அவளுக்கு என் இருமல்தான் பயம். நான் இருமத் தொடங்கினால் செய்துகொண்டிருப்பதை விட்டுவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். நானும் இருமல் வரும்போது கொல்லைப்பக்கம் போய்விடுவேன். ஒரு நாள் பின்னாலேயே வந்து நின்றாள். “அப்பா மாதிரி ஆயிடுமா?” என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு அந்த டாக்டர் பையன் சொன்னதை அப்படியே சொன்னேன். “எனக்கு இப்புடியேதான் இருக்கும். கூடாது, கொறையாது. ஒனக்கு நல்லாயிரும்” என்றேன். “அப்ப நீ மெதுவா நட” என்றாள்.

நேற்று சாயங்காலம் இரண்டு பேரும் கொள்ளிடத்துக்குப் போனோம். தண்ணீர் வடகரையோடு கொஞ்சமாக ஓடுகிறது, மற்றபடி மணல்தான். இறங்குவதற்கு எனக்குச் சிரமம் இல்லை. திரும்பிக் கரை ஏறும்போது பாதியில் நெஞ்சு அடைத்துக்கொண்டது. ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவளும் நின்றாள். என் பக்கத்தில் வந்து, கையைப் பிடித்து இழுக்கப் பார்த்தாள். நீ எழுதினது எனக்கு நினைவு வந்தது, அந்த மொட்டைமாடியில் மறுபடி கீழே இறங்கப் போனாள் என்று எழுதினாயே, அது. அவள் கையை விடுவித்தேன்.

“நீ ஏறு. நா வருவேன்” என்றேன்.

“நீ வா, சேந்து போவலாம்.”

“எனக்கு நேரமாவும் கவியா. நீ போ. ஓடு பாக்கலாம்.”

என்னைப் பார்த்தாள், கரையைப் பார்த்தாள். பிறகு ஓடினாள். முதலில் பயந்து பயந்துதான் ஓடினாள், ஓடினால் இழுக்கும் என்று அவளுக்கு ஒரு வருஷமாகத் தெரியும். பாதியில் நின்று நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை போலிருக்கிறது. மறுபடி ஓடினாள். கரைமேல் ஏறியும் நிற்கவில்லை. கோயில் மதில் ஓரமாக, தலைமுடி பறக்க, ஓடிக்கொண்டே இருந்தாள். கண்ணுக்கு மறைந்துவிட்டாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை.

அடுத்த மாதம் இங்கே கோயிலில் நந்தி கல்யாணத் திருவிழா. கூட்டம் வரும், தூசி கிளம்பும், அதனால் நாங்கள் பார்க்கப் போக மாட்டோம். வீட்டில்தான் இருப்போம். நீயும் உன் வீட்டுக்காரரும் வாருங்கள்.

சுமதி